பாடும் பாட்டும்

தமிழில் ‘பாடு’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. உழைப்பவன் படுவதும் பாடு. நோயாளி படுவதும் பாடு. புலவனை நோக்கி ஒரு செய்யுள் சொல்லென ஏவுவதும் பாடு. இயேசு பெருமான் சிலுவையில் உற்ற துன்பங்களைத் தமிழ்க் கிறித்தவர்கள் ‘பாடுகள்’ என்றே வழங்குகின்றனர். துன்பத்தையும் இசையையும் ஒரு சொல்லுக்குள் அடக்கிக்கொண்ட நம் மொழியினருக்கு, ஜெர்மானிய நாட்டு இசைப் பெரியார் ஒருவர் அத்துன்பத்தையே இசையாக்கி வைத்த வரலாறு அயலானதாகத் தோன்றாது. அவ்வரலாற்றைச் சுருக்கமாக எடுத்துரைப்பதும், பலர் கூடிப் பாடும் தெய்விக இசையானது கேட்பவன் ஒருவனைத் தன் சமய வாழ்வைத் தானே திரும்பிப் பார்க்குமாறு எங்ஙனம் செய்கின்றது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

நான் இசை பயின்றவன் அல்லேன். மைய அரசு அலுவலகம் ஒன்றில் கோப்புகளோடு காலங்கழிக்கும் எழுத்தன், பிறப்பால் சைவன். தில்லி அரசுக் குடியிருப்பில் என் அடுத்த வீட்டுக்காரர் தரங்கம்பாடிப் பக்கத்தவர். லுத்தரன் சபையைச் சேர்ந்தவர். என்னினும் வயதில் மூத்தவர். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெரிய வெள்ளியன்று மாலை அவர் என்னைத் தம் இல்லத்திற்கு அழைத்து, யோஹான் செபாஸ்டியன் பாக் இயற்றிய ‘மத்தேயு நற்செய்தியின்படி பாடுகள்’ என்னும் பேரிசையின் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்தார். எனக்கு ஜெர்மன் மொழி தெரியாது. அவர் தமிழ் விவிலியத்தை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, இசை செல்லும் இடத்தை விரலால் சுட்டியவண்ணம் ஏறத்தாழ மூன்று மணி நேரம் அமர்ந்திருந்தார். அன்று தொடங்கிய ஆர்வமே இக்கட்டுரைக்கு வித்து.

லைப்ஸிக் நகரத்து இசையாசிரியர்

பாக் 1685ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 21ஆம் நாள் ஐஸனாக் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குடி வழிவழியாக இசைத்தொழில் புரிந்த குடி. பத்து வயது நிரம்புமுன்னரே தாயையும் தந்தையையும் இழந்தார். 1720ஆம் ஆண்டு தாம் பணிபுரிந்த சிற்றரசரோடு வெளியூர் சென்று திரும்பியபோது, அவருடைய முதல் மனைவி இறந்து அடக்கமும் முடிந்துவிட்டிருந்தது. மனைவியர் இருவரிடம் பிறந்த மக்கள் இருபதின்மருள் வளர்ந்து ஆளானவர் பதின்மரே. துன்பம் என்பது இன்னதெனப் பிறர் சொல்லக் கேட்டு அறிந்தவர் அல்லர் அவர்.

1723ஆம் ஆண்டு லைப்ஸிக் நகரில் புனித தோமையார் ஆலயத்தோடு இணைந்த பள்ளியின் இசையாசிரியர் பதவியை ஏற்றார். நகர மன்றத்தார் முதலில் விரும்பியவர் தெலமன் என்பார், அவர் வரவில்லை. அடுத்து விரும்பியவர் கிராவ்ப்னர். அவரும் வர இயலவில்லை. அதன் பின்னரே பாக்கின் பெயர் வந்தது. இன்று உலகம் போற்றும் ஒருவர் அன்று மூன்றாம் இடத்திலிருந்து பணிக்கு எடுக்கப்பெற்றார் என்பது, பதவி உயர்வுப் பட்டியலில் தம் பெயரைத் தேடிக் களைத்த என்போன்றோர்க்கு ஒருவகை ஆறுதல்.

இன்னொன்றும் கூறத்தகும். 1730ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 23ஆம் நாள் அவர் நகர மன்றத்திற்கு ஒரு விண்ணப்பக் குறிப்பு எழுதினார். ஆலய இசை செவ்வனே நடைபெற வேண்டுமாயின் பாடற்குழு ஒன்றுக்குக் குறைந்தது 12 பேர் வேண்டும். 16 பேர் இருப்பின் இன்னும் நன்று என வரையறுத்தார். தம் பள்ளி மாணவர்களைப் பட்டியலிட்டு, பயன்படக் கூடியவர் 17, இனிமேல் பயன்படக் கூடியவர் 20, எக்காலத்தும் பயன்படாதவர் 17 எனக் கணக்குக் காட்டினார். ஆள் பற்றாக்குறை பற்றி மேலிடத்திற்கு எழுதும் குறிப்பு எந்நாட்டிலும் எக்காலத்திலும் ஒரே நடையில்தான் இருக்கும் போலும்! அதே ஆண்டு நண்பர் ஒருவருக்கு எழுதிய மடலில், நகரில் நல்ல காற்று வீசி மக்கள் நலமாக இருந்தால் அடக்கச் சடங்குகள் குறைந்து தம் வரும்படியும் குறைகின்றது என்று குறைப்பட்டுக்கொள்கின்றார். முந்திய ஆண்டில் அவ்வாறு 100 தாலருக்கு மேல் இழந்தாராம்.

இச்செய்திகளை நகைச்சுவைக்காக நான் எடுத்துக் கூறவில்லை. வானத்திலிருந்து இறங்கிய இசையைப் படைத்தவர் எனப் புகழப்படும் இவர், ஊதியக் குறைவும் ஆள் குறைவும் மேலதிகாரிகளோடு பிணக்கும் உடைய ஓர் அலுவலராகவே நாட்களைக் கழித்தார். வாரந்தோறும் இசை வேண்டும். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல வேண்டும். இவற்றுக்கிடையே அவர் தம் ஏட்டின் தொடக்கத்தில் இயேசுவின் உதவியை வேண்டும் சுருக்க எழுத்துகளையும், முடிவில் புகழெல்லாம் இறைவன் ஒருவனுக்கே எனப் பொருள்படும் சுருக்க எழுத்துகளையும் இட்டு வந்தார். அவருக்குரியதாயிருந்த மூன்று தொகுதி விவிலியம் ஒன்று 1934ஆம் ஆண்டு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. அதன் ஓரங்களில் அவர் கைப்பட எழுதிய குறிப்புகள் உள்ளன. எருசலேம் ஆலயத்தில் பாடகரும் இசைப்போரும் ஒரே குரலாக இறைவனைப் போற்றியதைக் கூறும் பகுதியின் அருகே, பக்தியோடு கூடிய இசையில் இறைவன் தன் அருளோடு எப்போதும் உடனிருக்கின்றான் என்னும் கருத்தை எழுதி வைத்துள்ளார். பிறர் பார்க்க எழுதியதன்று அது. ஆதலால் அதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

பாடுகள் இசையான முறை

பெரிய வெள்ளி வழிபாட்டில் இயேசுவின் பாடுகளை இசையோடு ஓதுதல் பண்டை வழக்கம். அவ்வழக்கத்தின் வழியே பாக் மத்தேயு நற்செய்தியின் 26, 27ஆம் அதிகாரங்களை எடுத்துக்கொண்டார். பிக்காண்டர் என்னும் புனைபெயர் கொண்ட கவிஞர் இடைப்பாடல்களை யாத்துக் கொடுத்தார். 1727ஆம் ஆண்டு ஏப்ரல் திங்கள் 11ஆம் நாள், பெரிய வெள்ளியன்று, தோமையார் ஆலயத்தில் இது முதன்முதல் பாடப்பெற்றது என்பது இன்றைய ஆய்வாளர் துணிபு. 1729 என்றே முன்னர் நெடுங்காலம் கருதி வந்தனர். இரண்டு பாடற்குழுக்கள், இரண்டு பல்லியக் குழுக்கள். முதற்பகுதி முடிந்ததும் மறையுரை. அதன்பின் இரண்டாம் பகுதி. 1736ஆம் ஆண்டளவில் இதனைத் திருத்தி அழகிய படியாகத் தாமே எழுதியபோது, நற்செய்திச் சொற்களைச் செம்மையினால் எழுதினார் பாக்.

இதன் அமைப்பில் மூன்று இழைகளைக் காணலாம். முதலாவது நற்செய்தி வாசகம். ஒருவர் நிகழ்ச்சியை ஓதுவார். இயேசு, பேதுரு, யூதாசு, பிலாத்து ஆகியோர் கூற்றுகளை வேறுவேறு குரல்கள் பாடும். சீடர், குருமார், கூட்டத்தார் கூற்றுகளைப் பாடற்குழு பாடும். இரண்டாவது தனிப்பாடல்கள், இவை நிகழ்ச்சியைக் கண்டு உருகும் ஓர் உள்ளத்தின் கூற்று. மூன்றாவது சபையார் அனைவரும் இளமை முதல் அறிந்த ஞானப்பாட்டுகள். கதை ஒருபுறம் ஓட, அதனைக் கேட்கும் நெஞ்சமும் ஊராரும் இடையிடையே பேசுமாறு அமைத்த இம்முறை, நம் கூத்துகளில் கட்டியங்காரன் கதையை நிறுத்தி அவையோரிடம் பேசும் முறையை எனக்கு நினைவூட்டியது. ஆனால் கட்டியங்காரன் அவையோரைச் சிரிக்க வைப்பான். பாக் அவ்வாறு விடவில்லை.

இயேசு பேசும் இடமெல்லாம் நரம்பிசை அவர் சொல்லைச் சூழ்ந்து ஒளிவட்டம் போல் ஒலித்துவரும். சிலுவையின்மேல், இறைவன் தம்மைக் கைவிட்டது ஏன் என அவர் கதறும் ஓரிடத்தில் மட்டும் அவ்விசை இல்லை. ஒளிவட்டம் அவிந்துவிடுகின்றது. இதனை ஒருவர் விளக்கவும் வேண்டுமோ?

பதினொரு குரல்கள்

என் சிந்தையைப் பிடித்து நிறுத்திய இடம் முதற்பகுதியில் வருவது. கடைசி இராவுணவின்போது, தம்முடன் இருப்போருள் ஒருவன் தம்மைக் காட்டிக்கொடுப்பான் என்று இயேசு கூறுகின்றார். சீடர்கள் துயருற்று, அவன் தாமோ என ஒவ்வொருவராக வினவுகின்றனர். பாடற்குழு இவ்வினாவைப் பரபரப்போடு, ஒருவர் வாய்மூடுமுன் மற்றவர் வாய்திறக்கும் வகையில் பாடுகின்றது. ஒரு சில நொடிகளே செல்லும். அந்நொடிகளுக்குள் ஆண்டவரே என்னும் விளி பதினொரு முறை ஒலிக்கின்றது என எண்ணிச் சொல்கின்றனர் அறிஞர். சீடர் பன்னிருவர், விளி பதினொன்று. பன்னிரண்டாமவனாகிய யூதாசு பின்னர்த் தனியே கேட்பான்.

வினா எழுந்தாயிற்று, இனி விடை வரவேண்டும். நற்செய்தியில் அடுத்த அடியிலேயே இயேசு மறுமொழி கூறுகின்றார். பாக் அதற்கு வழிவிடவில்லை. கதையை அங்கேயே நிறுத்துகின்றார். பரபரப்பு அடங்குகின்றது. அனைவரும் அறிந்த ஞானப்பாட்டு மெட்டு ஒன்று அமைதியாக எழுகின்றது. அக்குற்றவாளி தானே என்றும், கையும் காலும் கட்டுண்டு தண்டனை பெறவேண்டியவன் தானே என்றும் பாடற்குழு ஒப்புக்கொள்கின்றது.

இவ்விடத்தில் என் நண்பர் விவிலியத்தினின்று விரலை எடுத்துவிட்டார். “இது புத்தகத்தில் இல்லை, தம்பி. கேட்டவர்கள் சீடர்கள்; விடை சொல்கிறவர்கள் நாம்” என்றார்.

காட்டிக்கொடுத்தவன் யூதாசு என்பதை அறியாதார் அவ்வாலயத்தில் ஒருவரும் இருந்திரார். கதை தெரிந்தவர்க்குக் குற்றவாளியின் பெயரும் தெரியும். பெயர் தெரிந்துவிட்டால் மனம் இளைப்பாறும். அவன் வேறு, நான் வேறு என ஒதுங்கிக்கொள்ளும். அவ்வாறு ஒதுங்குவதற்கு முன்னரே பாக் வழியை அடைத்துவிடுகின்றார். மறையுரையாளர் ஒருவர் நீயே குற்றவாளி எனக் கைநீட்டிக் கூறின் கேட்போன் சினம் கொள்வான். அன்றேல் அடுத்தவனைத் திரும்பிப் பார்ப்பான். ஆயின், ‘நான்’ என்னும் சொல்லைப் பலர் ஒருங்கே பாடும்போது, கேட்போன் நெஞ்சமும் உடன் சேர்ந்து பாடிவிடுகின்றது. பாடி முடித்த பின்னரே தான் என்ன ஒப்புக்கொண்டோம் என்பதை அது உணர்கின்றது. பலர் பாடினும் சொல் ஒருமைச் சொல்லே. கூட்டத்தில் நின்றவாறே ஒருவனைத் தனியனாக்கும் இவ்வாற்றல் கூட்டிசைக்கு உண்டு. தனி ஒருவர் பாடக் கேட்டால் அவருடைய பக்தியை வியப்போம். பலர் பாடக் கேட்டால் நம் பக்தி எங்கே எனத் தேடுவோம்.

ஒரே குழு, இருவேறு சொல்

இரண்டாம் பகுதியில் இதனினும் கடுமையான இடம் ஒன்றுண்டு. பிலாத்து, இருவருள் எவனை விடுவிக்க வேண்டும் எனக் கேட்கின்றான். இரு பாடற்குழுவும் இணைந்து பரபாசின் பெயரை ஒரே முழக்கமாக முழங்குகின்றன. இயேசுவை என்செய்வது என்னும்போது, சிலுவையில் அறையவேண்டும் எனக் கூச்சலிடுகின்றன. உடனே கதை நிற்கின்றது. அதே குழுவினர், ஆடுகளுக்காக ஆயனே துன்புறும் இத்தண்டனை எத்துணை வியப்புக்குரியது என ஞானப்பாட்டு இசைக்கின்றனர். பின்னர்ப் பெண்குரலுக்குரிய உச்சத்தானத்தில் ஒரு தனிப்பாடல். அதற்குக் குழலும் இரண்டு ஓபோக் கருவிகளும் மட்டுமே துணை. கட்டடத்தைத் தாங்கும் அடித்தளம் போன்ற கீழ்ச்சுருதிக் கருவிகள் அனைத்தும் ஓய்ந்துவிடும். அன்பினாலேயே மீட்பர் இறக்கின்றார் என்பது அதன் பொருள். அது முடிந்ததும் மீண்டும் அக்கூச்சல், முன்னையினும் ஒரு சுரம் உயர்ந்து எழுகின்றது.

கொலை வேண்டிய தொண்டையும் கண்ணீர் விட்ட தொண்டையும் ஒன்றே. ஆள் பற்றாக்குறையால் நேர்ந்த அமைப்பு இது எனக் கூறுவதற்கில்லை. மனித இயல்பை உள்ளவாறு அறிந்தவர் செய்த அமைப்பு. காலையில் கோவிலில் உருகி நின்ற நாவே பிற்பகல் அலுவலகத்தில் ஒருவனைக் குத்திக் கிழிப்பதை நாம் கண்டதில்லையா?

ஒரு மெட்டின் பயணம்

இவ்விசையில் ஐந்து முறை வரும் ஞானப்பாட்டு மெட்டு ஒன்றுண்டு. இரத்தமும் காயமும் நிறைந்த இயேசுவின் திருமுடியை நோக்கிப் பாடுவதாக அமைந்த பாட்டினுக்குரியது அது. அம்மெட்டு முதலில் பக்திப் பாடலுக்கு உரியதன்று. ஹான்ஸ் லியோ ஹாஸ்லர் என்பார் 1601ஆம் ஆண்டு வெளியிட்ட காதற்பாடலின் மெட்டு. இடைக்கால இலத்தீன் பாடல் ஒன்றைத் தழுவிப் பவுல் கெர்ஹார்ட் எழுதிய பாட்டு 1656இல் அதனோடு இணைந்தது. முன்னர்க் கூறிய குற்ற ஒப்புதல் பாட்டும் கெர்ஹார்ட் எழுதியதே. அதன் மெட்டு ஒரு காலத்தில் இன்ஸ்புருக் நகரைப் பிரிந்து செல்வோன் பாடிய பிரிவுப் பாடலுக்கு உரியது. அம்மானை, பொற்சுண்ணம், பொன்னூசல் என மகளிர் ஆடிப் பாடிய வடிவங்களை மாணிக்கவாசகர் இறைவனுக்கு ஆக்கியதை அறிந்த நமக்கு இது புதுமையன்று. மக்கள் நாவில் ஏற்கெனவே பழகிய மெட்டுக்கு நெஞ்சின் கதவு தட்டாமலே திறக்கும்.

கெர்ஹார்ட் 1607இல் பிறந்து 1676இல் மறைந்தவர். 1618 முதல் 1648 வரை ஜெர்மானிய நாட்டைச் சுடுகாடாக்கிய முப்பதாண்டுப் போரினூடே வளர்ந்தவர். அவருக்குப் பிறந்த மக்கள் ஐவருள் எஞ்சியவர் ஒருவரே. ஐந்து முறை வரும் அம்மெட்டு கடைசியாக ஒலிப்பது இயேசு உயிர்நீத்த மறுகணம். தான் இவ்வுலகை விட்டுப் பிரியும் நாளில் தன்னை விட்டுப் பிரியாதிருக்குமாறு வேண்டும் வேண்டுகோள் அது. அறிந்த மெட்டே, ஆயின் அதனைத் தாங்கும் சுர இணைப்புகளைப் பாக் இருண்டவையாக மாற்றியிருக்கின்றார். பலமுறை நடந்த தெருவே இரவில் வேறாகத் தோன்றுவது போல் அது தோன்றியது.

இம்மெட்டு கேட்டவுடன் என் நண்பர் தமிழில் உடன் பாடத் தொடங்கினார். நான் வியந்தேன். வியப்பதற்கு ஒன்றுமில்லை. 1706ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 9ஆம் நாள், டென்மார்க்கு அரசர் அனுப்பச் சீகன்பால்கும் புளூட்சோவும் தரங்கம்பாடியில் வந்திறங்கினர். அவர்களோடு லுத்தரன் சபையின் ஞானப்பாட்டுகளும் கரையேறின. பாக் 1727இல் லைப்ஸிக்கில் இப்பேரிசையை நடத்தியபோது, தரங்கம்பாடியில் அச்சபை தோன்றி இருபது ஆண்டுகள் கடந்துவிட்டிருந்தன. பின்னர்ப் பெப்ரீசியுஸ் முதலியோர் ஜெர்மானியப் பாட்டுகள் பலவற்றைத் தமிழாக்கினர். கெர்ஹார்ட்டின் இப்பாட்டும் தமிழாகி, அதே மெட்டில், தமிழ்ச் சபைகளில் பெரிய வெள்ளிதோறும் பாடப்பெறுகின்றது. தஞ்சை வேதநாயக சாத்திரியார் போன்றோர் நம் இராகங்களிலும் தாளங்களிலும் கீர்த்தனைகளை இயற்றிச் சேர்த்தனர். இரு மரபும் இன்று ஓரவையில் ஒலிக்கின்றன. என் நண்பர்க்குப் பாக் அயலார் அல்லர்; தம் பாட்டியின் மெட்டை அறிந்த உறவினர்.

உறக்கமும் விழிப்பும்

பாக் 1750ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 28ஆம் நாள் மறைந்தார். அவருடைய விசைப்பலகைக் கருவிப் படைப்புகளை வல்லுநர் பயின்று வந்தனராயினும், பாடுகளின் பேரிசை பொதுமக்கள் செவிக்கு எட்டாது உறங்கிற்று. அதனை எழுப்பியவர் இருபதே வயதான பெலிக்ஸ் மெண்டல்சன். யூதப் பேரறிஞர் மோசஸ் மெண்டல்சனின் பெயரர்; குழந்தைப் பருவத்தில், 1816இல், கிறித்தவத் திருமுழுக்குப் பெற்றவர். இப்பேரிசையின் எழுத்துப்படி ஒன்றை அவருக்குக் கொடுத்தவர் அவருடைய பாட்டியார் பெல்லா சாலமன்.

பெர்லின் நகரப் பாடற்கழகத்தில் 1829ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 11ஆம் நாள், ஏறத்தாழ 150 பேர் கொண்ட பாடற்குழுவை மெண்டல்சன் நடத்தினார். சில பகுதிகளைச் சுருக்கியே பாடினர். இயேசுவின் கூற்றைப் பாடியவர் அவருடைய நண்பர் எடுவர்டு டெவ்ரியண்ட். பிரசிய மன்னரும், மெய்ப்பொருள் அறிஞர் ஹெகலும், சமய அறிஞர் ஷ்லையர்மாக்கரும், கவிஞர் ஹைனேயும் அவையில் இருந்தனர். இடமின்றித் திரும்பியோர் பலர். நெருக்கமான அவ்வரங்கம் ஓர் ஆலயம் போலவே காட்சியளித்தது எனப் பெலிக்சின் தமக்கை பேனி எழுதியுள்ளார். பாக்கின் பிறந்தநாளாகிய மார்ச்சு 21 அன்று மீண்டும் பாடினர். கிறித்தவ இசையுள் தலைசிறந்த ஒன்றை மக்களுக்கு மீட்டுத் தர ஒரு நடிகரும் ஒரு யூதச் சிறுவனும் வேண்டியிருந்தனரே என மெண்டல்சன் அந்நாளில் கூறியதாக டெவ்ரியண்ட் தம் நினைவுக் குறிப்பில் பதிந்துள்ளார்.

அன்று முதல் இவ்விசை ஆலயத்தை விட்டு அரங்கிற்கும் வந்தது. நம்பிக்கை உடையாரும் இல்லாரும் ஒருங்கே கேட்கலாயினர். 1870இல் இதனை ஒரே வாரத்தில் மும்முறை கேட்ட நீட்சே, கிறித்தவத்தை முற்றும் மறந்துவிட்ட ஒருவன் இதனை மெய்யான நற்செய்தியாகவே கேட்கின்றான் என்னும் கருத்தை நண்பருக்கு எழுதினார். கிறித்தவ சமயத்தைப் பின்னர் அத்துணைக் கடுமையாகச் சாடியவர் அவர். கொள்கையால் மூடிய கதவையும் இசை தட்டிப் பார்க்கும் போலும்.

கேட்டும் கேளாதார்

இசை கேட்டோர் அனைவரும் திருந்தினர் என்று எழுதி முடித்துவிட எனக்கும் விருப்பமே. வரலாறு அவ்வாறு எழுத விடவில்லை.

மெண்டல்சன் பின்னாளில் லைப்ஸிக்கில் வாழ்ந்து அந்நகரின் இசைக்குப் பெருமை சேர்த்து அங்கேயே 1847இல் மறைந்தார். அந்நகரத்தார் அவருக்குச் சிலை எடுத்தனர். 1936ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களில் ஓர் இரவு, அவர் யூதப் பிறப்பினர் என்னும் காரணத்தால் அச்சிலை அகற்றப்பட்டது. பாக்கின் பாடுகளை ஆண்டுதோறும் கேட்ட நகரம், அப்பாடுகளை மீட்டுக் கொடுத்தவரின் சிலையைக் காக்கவில்லை. நகர மேயர் கார்ல் கெர்டெலர் அப்போது வெளிநாடு சென்றிருந்தார். திரும்பி வந்து, சிலையை மீண்டும் நிறுவ முயன்று, அது இயலாமையால் பதவி துறந்தார். பின்னர் இட்லருக்கு எதிரான முயற்சியில் பங்கு கொண்டு 1945ஆம் ஆண்டு பெப்ரவரித் திங்கள் 2ஆம் நாள் கொல்லப்பட்டார். 2008ஆம் ஆண்டு அச்சிலையின் மறுபடிவம் தோமையார் ஆலயத்தின் அருகே நிறுவப்பட்டது.

இயேசுவைக் கொன்ற பழியை ஓர் இனத்தார்மேல் ஏற்றிப் பல நூற்றாண்டு அவர்களைத் துன்புறுத்தினர் ஐரோப்பியர். ஆனால் இவ்விசையில், குற்றவாளி யார் என்னும் வினாவிற்குப் பாடற்குழு கூறும் விடை ‘அவர்கள்’ என்பதன்று, ‘நான்’ என்பது. அச்சொல்லை ஆண்டுதோறும் கேட்டும், சுவைத்தும், பாராட்டியும், தம் காதில் வாங்காதோர் பலர். எனவே, இசை நம்பிக்கையைத் தரும் எனக் கூறுவதினும், நம்பிக்கையைச் சோதிக்கும் எனக் கூறுவதே பொருந்தும். சோதனைத்தாளை யாவரிடமும் கொடுக்கின்றது. விடை எழுதுவது அவரவர் பாடு.

ஒரு கோப்பின் கதை

பிறர் வரலாறு கூறியவன் தன் வரலாற்றை மறைத்தல் முறையாகாது. பணியில் சேர்ந்த புதிதில், நான் இருந்த பிரிவில் ஒரு கோப்புக் காணாமற்போயிற்று. பிரிவு அலுவலர் எங்கள் அனைவரையும் வரிசையாக நிறுத்திக் கேட்டார். என்னிடம் இல்லை ஐயா, என்னிடம் இல்லை ஐயா என ஒவ்வொருவரும் கூறினோம். முடிவில், சேர்ந்து சில திங்களே ஆன இளநிலை எழுத்தர் ஒருவர்மேல் பழி விழுந்தது. அவருக்கு எச்சரிக்கைக் குறிப்பாணை ஒன்று வழங்கப்பட்டது. அது அவருடைய பணிப்பதிவேட்டிலும் ஏறிற்று. மூன்று வாரம் கழித்து, என் மேசையடியில் இருந்த பழைய கட்டு ஒன்றை அவிழ்த்தபோது அக்கோப்பு அதனுள் இருந்தது. எவரும் இல்லாத நேரம் பார்த்து அதனைப் பதிவறை அலமாரியில் செருகிவிட்டேன். கோப்புக் கிடைத்தது, குறிப்பாணை மட்டும் நீங்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை. அவர் ஓராண்டில் வேறூர் மாற்றல் பெற்றுச் சென்றார்.

அந்த ஆண்டுகளிலெல்லாம் நான் திங்கட்கிழமை தவறாது சிவன் கோவிலுக்குச் சென்றவன், திருவாசகம் ஓதியவன். நாயினும் இழிந்தவனாகத் தம்மைச் சொல்லிக்கொண்ட மணிவாசகப் பெருமானின் சொற்களை ஓதும்போது என் குரலும் தழுதழுக்கும். ஆனால் அத்தாழ்மை அவருடையது என்றே எண்ணியிருந்தேன். எத்துணைப் பெரியவர், எவ்வளவு தாழ்ந்து பேசுகின்றார் என வியந்தேன். அச்சொல் என் பணிப்பதிவேட்டில் எழுதப்படாமற்போன ஒன்று என்பது எனக்குத் தோன்றியதே இல்லை. வேறொரு நாட்டார், வேறொரு மொழியில், வேறொரு தெய்வத்தின் முன்னிலையில், நான் என ஒப்புக்கொண்ட அம்மாலையில்தான் என் சொந்த நூலை நான் முதன்முதலாகக் கேட்டேன்.

நான் சமயம் மாறவில்லை. மாறவேண்டும் என நண்பரும் கேட்கவில்லை. இரண்டு வாரம் தயங்கிய பின், அவ்வெழுத்தரின் முகவரியைத் தேடிப் பெற்று, நடந்ததை ஒரு பக்க மடலில் எழுதினேன். அவர் என்ன மறுமொழி எழுதினார் என்பது அவருக்கும் எனக்கும் இடைப்பட்டது, இக்கட்டுரைக்குப் புறம்பானது.

முடிவுரை

2005ஆம் ஆண்டு இளையராஜா, திருவாசகப் பாடல்கள் சிலவற்றை மேனாட்டுப் பல்லியமும் பல்குரற் பாட்டும் கொண்டு இசையமைத்து வெளியிட்டார். அம்முயற்சிக்குத் துணைநின்றவர் கத்தோலிக்கக் குருவானவர் ஒருவர். அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்னர், 1900இல், திருவாசகத்தை ஆங்கிலமாக்கி வெளியிட்ட போப்பையரும் கிறித்தவப் பெரியாரே. இசைக்கும் பாட்டுக்கும் எல்லை வகுப்போர் வகுத்துக்கொண்டே இருக்க, பாட்டு அவ்வெல்லைகளைக் கடந்து சென்றுகொண்டே இருக்கின்றது.

மத்தேயு பாடுகளின் இறுதியில் உயிர்த்தெழுதல் இல்லை. கல்லறையின் அருகே அமர்ந்து, கண்ணீரோடு, உறங்கும் ஒருவரைத் தாலாட்டுவது போன்ற நீண்ட பாட்டோடு அது நிறைவுறுகின்றது. அதன்பின் ஒலிப்பதிவு நின்றது. என் நண்பர் விவிலியத்தை மூடினார். அறையில் விளக்கு ஏற்றவில்லை. அடுத்து என்ன நிகழும் என அவருக்குத் தெரியும். ஞாயிறன்று அதிகாலையில் அவர் சபையில் அதனைப் பாடுவர். எனக்கோ, இடையிலுள்ள ஒரு நாள்தான் வாய்த்தது. அந்த ஒரு நாளில் என்னை நான் கேட்டுக்கொண்ட கேள்வி, ஆண்டுகள் சென்ற பின்னும் ஓய்ந்தபாடில்லை.